மாற்றாள் வரும்வரை

1

இந்தக் கதை என் மகள் போனில் சொன்ன ஒரு விஷயத்திலிருந்து வந்தது. என் சொந்தச் சரக்கில்லை. அவள் கடற்பறவைகளை ஆராய்கிறவள். ஒரே பாறை, ஒரே மீன், ஒரே காற்று. ஆனாலும் சில ஜோடிகள் வருடாவருடம் குஞ்சை ஆளாக்கிவிடுகின்றன, சில தோற்கின்றன. ஏன் என்று கேட்டேன்.

“ஆள் மாத்துற நேரம்தாம்ப்பா. தோக்குற ஜோடில, துணை தூரத்துல வர்றப்பவே குஞ்சு மேல உக்காந்திருக்கறது எழுந்துடும். அந்த இடைவெளில கடற்காகம் குஞ்சைத் தூக்கிடும். ஜெயிக்கிறது, துணை வந்து ஒட்டி உக்கார்ற வரைக்கும் அசையாது.”

2

தொடக்கம்: ‘பாறை விளிம்பில் ஒரு தாய்ப்பறவை தன்...’

வேண்டாம். பறவைக்குள் புகுந்து அழுவது எனக்கு வராது.

இன்னொன்று: ‘கௌரவமான குடும்பம் ஒன்றில்...’ இது வரும். ஆனால் அந்தக் குடும்பத்து மகள் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பறவை பார்க்கத் தீவில் இருக்கிறாள். மருமகன் லீவு போட்டுப் பால் புகட்டுகிறான். யார் போன் செய்தாலும் மகள் குளிக்கிறாள் என்கிறேன்.

(ஒரு வாரமாகக் குளிக்கிறாள். நேற்று என் அண்ணன், “ஜலதோஷம் புடிச்சிடப் போகுதுடா” என்றார்.)

3

மருமகன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், எதிர்த்துப் பேசமாட்டான். இந்த வீட்டு ஆண்கள் தொட்டில் ஆட்டியதில்லை என்று அவன் காதுபடச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஆட்டினான். இவனை வைத்து எப்படிச் சண்டைக்காட்சி எழுதுவது?

4

இன்று காலை. காற்று பலம், மகள் வரவேண்டிய படகு கிளம்பவில்லை. மருமகனுக்கு லீவு முடிந்துவிட்டது. இன்று போகாவிட்டால் கிரேனில் வேறு ஆள் ஏறிவிடுவான், பிறகு இறங்கமாட்டான். என் மனைவி இருந்திருந்தால்—

[இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.]

இதை எழுதும்போது அவன் குழந்தையோடு என் மேஜையருகே நிற்கிறான். தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

“தொட்டில்ல போட்டுட்டுக் கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்.”

“கத்துவா மாமா. நீங்க வாங்கிக்குங்க. அப்புறம் போறேன்.”

குழந்தையின் கால் என் சட்டையில் படுகிறது.

5

முடிவு ஒன்று: அண்ணியை வரச்சொல்கிறேன். குழந்தைக்கு மடி கிடைக்கும், சாயங்காலத்துக்குள் உறவு முழுக்கச் செய்தி போய்விடும். அதற்குள் வண்டியும் போயிருக்கும்.

முடிவு இரண்டு: நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், அவன் நின்றுகொண்டே இருக்கிறான். வேலை போகிறது, என் பெயர் நிற்கிறது.

(மறுபடி ஹாரன்.)

மூன்றாவதும் ஒன்று உண்டு. தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். எந்தக் கையால் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணன் போன் செய்தால் என்ன சொல்வது என்பதை, வாசகரே, நீங்கள் யோசித்து வையுங்கள். எனக்கு இப்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.