வளைவில் மட்டும் வரும் முனகல்

மாட்டு டாக்டரின் காது பொல்லாத காது. மாட்டின் விலாவில் குழலை வைத்தால் போதும், வயிற்றுக்குள் காற்று அடைத்திருக்கிறதா, ஆணி கீணி விழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவாள் என்று பண்ணைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் சொந்தக் காரில் வரும் முனகல் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

நேர் சாலையில் வண்டி வாயைத் திறக்காது. பண்ணை வாசலில் மெதுவாகத் திருப்பும்போதுதான் பின்பக்கம் எங்கோ அடித்தொண்டையில் ஒரு முனகல் கிளம்பும். கூடவே யாரோ வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதுபோல் ஓர் உதறல். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. சேற்றுப் பாதையில் ஏறி இறங்க அதை நம்பித்தான் அவள் பிழைப்பே ஓடியது.

என்ன கோளாறு என்றுதான் தெரியவில்லையே தவிர, யாரால் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொழுந்தன்தான். செடிப்பண்ணை வைத்திருக்கும் அவன், பிப்ரவரியில் தன் வண்டி படுத்துவிட்டதென்று இதை வாங்கிப்போய் உரமூட்டையும் தொட்டியுமாக அடைத்து ஒரு வாரம் ஓட்டினான். திருப்பித் தரும்போது கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினான். அந்தப் பளபளப்பே அவளுக்கு உறுத்தியது. தப்பு செய்யாதவன் எதற்குக் கார் கழுவுகிறான்?

உண்மையில் முனகல் அப்போதே கேட்டதா என்று யாராவது மடக்கியிருந்தால் அவள் திணறியிருப்பாள். ஆனால் மடக்க ஆளில்லை. புருஷனிடம் சொன்னால், கட்டட வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல், வண்டி என்றால் சத்தம் வரத்தானே செய்யும் என்பார். வீட்டின் ஓர் அறையில் உட்கார்ந்து வீடுகளுக்குப் படம் வரைவதுதான் அவர் தொழில். சில வருஷங்களுக்கு முன் மழையில் அவர் ஓட்டிய வண்டி வழுக்கிச் சுவரில் மோதி, பின் இருக்கையில் இருந்த மகளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. அவர் மட்டும் அன்றைக்கு விட்ட ஸ்டியரிங்கை மறுபடி தொடவில்லை. வண்டி ஓட்டாதவருக்கு அதன் அருமை எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அதோடு, தம்பியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது என்றும்.

பட்டறைக்காரருக்கு ஊரில் ஆமை என்று பேர். அவரிடம் விட்ட வண்டி லேசில் வெளியே வராது. இந்தத் தடவை என்ன அவசரமோ, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பின் சக்கர பேரிங் போய்விட்டது என்று மாற்றித் தந்தார். வாசலைத் தாண்டித் திருப்பியதுமே வண்டி முனகியது. மாற்றவே இல்லையோ என்று அவளுக்குத் தோன்றி, பழைய பேரிங்கைக் காட்டச் சொன்னாள். அவர் முகம் கோணாமல் எடுத்துவந்து காட்டினார். அது யார் வண்டிப் பேரிங்கோ, யார் கண்டது?

அன்று சாயங்காலம் நேராகச் செடிப்பண்ணைக்குப் போனாள். வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஓரகத்தியின் காதில் விழும்படியே, இரவல் கொடுத்த பொருள் திரும்பி வந்த லட்சணத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள். பிறகு கொழுந்தனைத் தனியாக அழைத்துக் கேட்டாள். அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"ஆமா அண்ணி, நான்தான். ஒரு பள்ளத்துல விட்டுட்டேன். செலவு என்னவோ நான் பாத்துக்கறேன்."

மறுப்பான், அவன் மறுத்தால் இதைச் சொல்லலாம், அதைச் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு எல்லாம் வீணாய்ப்போனது. புண் இருக்கும் இடத்தை அழுத்தினால் மாடு உதறும். உதறவில்லை என்றால், கை வைத்த இடம் தப்பு. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த எண்ணம் அவளை அரித்தது.

மறுநாள் மறுபடி பட்டறை. இந்த முறை ஆமை தன் பேருக்கு ஏற்றபடி நிதானமாக இறங்கினார். அவர் முற்றத்தில் வட்டமடித்து ஓட்ட, அவள் பின் இருக்கையை மடக்கிவிட்டு உருட்டிவிட்ட மூட்டைபோல் படுத்து, வண்டித் தரையில் காதை வைத்துக் கேட்டாள். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. சத்தம் சக்கரத்தில் இல்லை. நடுவில், பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால். அங்கேதான் பின் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பும் கிளட்ச் இருக்கிறது என்றார் ஆமை. அதற்கான ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு அதே வட்டத்தை அடித்தார். முன் சக்கரங்கள் மட்டும் இழுக்க, வண்டி வெண்ணெயாகத் திரும்பியது. முனகலும் இல்லை, உதறலும் இல்லை.

"பேரிங்னு சொன்னது என் அவசரம் டாக்டரம்மா," என்றார். "நாலு சக்கரமும் ஒரே அளவு இருக்கணும். ஒண்ணு பெரிசா இருந்தாலும் அந்த கிளட்ச் ஓயாம வழுக்கிச் சூடாகிடும்."

டேப்பை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தார். மூன்று ஒரே அளவு. பின்னால் இடதுபக்கம் மட்டும் விரல் தடிமனுக்குக் கூடுதலாக இருந்தது. அதே கம்பெனி, அதே வரிப்பள்ளம். ஆனால் தேயாத டயர். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். அவள் மாற்றவே இல்லை. மாற்றியது தெரியக்கூடாதென்றே அழுக்கைப் பூசினாற்போல் இருந்தது.

டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் வருஷமும் அச்சாகியிருக்கும். குனிந்து, சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு அவளே படித்தாள். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் வண்டியை வாங்கிப்போனது பிப்ரவரியில். இந்த டயர் பிறந்ததே அதற்குப் பிறகு, ஏப்ரலில்.

அப்படியானால் அவன் சொன்னது பொய். செய்த தப்பை மறைக்கப் பொய் சொல்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். செய்யாத தப்பை எவன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வான்? யாருக்காக? வண்டிச் சாவி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. வாரத்தில் சில நாள் மருத்துவமனை ஜீப் வந்து அவளை அழைத்துப்போகும்போது கார் வீட்டிலேயே நிற்கிறது. மகள் ஹாஸ்டலில். வீட்டில் இருப்பவர் ஒருவர்தான். அந்த ஒருவரைச் சந்தேகப்பட இத்தனை நாளில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் அவர் அறை வாசலில் நின்று, டயரை எங்கே மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் காலி மைதானம் ஒன்று இருக்கிறது. அவள் ஜீப்பில் போகும் நாட்களில் காரை அங்கே கொண்டுபோய் வட்டம் வட்டமாக ஓட்டிப் பழகியிருக்கிறார். முதல் நாள் வண்டியைக் கிளப்பவே முடியாமல் வேர்த்துக் கொட்டி, தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். அதன்பின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான். ஒருநாள் இரும்புக் கம்பி குத்தி டயர் கிழிய, இருவரும் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டார்கள். ஒன்று மட்டும் மாற்றக்கூடாது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ஹாஸ்டல்லேருந்து லீவுக்கு வரும்போது பொண்ண நானே போய்க் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன்," என்றார். "அதுக்குள்ள உனக்குத் தெரிஞ்சா, வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னாக்கூட விட்டுடுவேன்னு பயம்."

அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். கோபத்தின் அடியில் வேறு ஒன்றும் இருந்தது: வேணாம் என்று அவள் நிச்சயம் சொல்லியிருப்பாள்.

மறுநாள் செடிப்பண்ணைக்குப் போனாள். கொழுந்தன் சிரித்துச் சமாளித்தான். ஓரகத்தி அவ்வளவு சுலபத்தில் இறங்கவில்லை. டாக்டர் மன்னிப்புக் கேட்டதை முழுசாகக் கேட்டுவிட்டு, சரிக்கா என்று ஒரு சொல்லோடு தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சுருக்கம் நீங்கப் பல மாதம் ஆனது.

நாலு டயரும் ஒன்றாக மாற்றினார்கள். கிளட்ச் எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது, அதையும் மாற்றினார்கள். உள்ளே தட்டுகள் கொஞ்சம் கருகியிருக்கும், முனகல் முழுசாகப் போகும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார் ஆமை. பட்டறையிலிருந்து வீட்டுக்கு வண்டியைப் புருஷனே ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருமுனையில் அவர் திருப்பியபோது, லேசாக, மிக லேசாக ஒரு முனகல் வந்து அடங்கியது. இருவர் காதிலும் அது விழுந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் ஓரக்கண்ணால் அவள் காலைப் பார்த்தார். பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"அங்க பிரேக் இல்லம்மா."

"தெரியும்," என்றாள். காலை எடுக்கவில்லை.