ஒப்பீட்டுப் பள்ளி

பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டி அழவைப்பதை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்தே தலை நரைத்தவர் பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கேலி டாக்டர்' என்று பெயர். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

இந்தமுறை எடுத்தது பெரிய ஆய்வு. பாதிப் பள்ளிகளுக்கு மனநல ஆலோசகர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, புகார்ப் பெட்டி எல்லாம் உண்டு. மீதிப் பாதி ஒப்பீட்டுப் பள்ளிகள். அங்கே யாரும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடக் கூடாது. அப்போதுதான் வித்தியாசம் தெரியும், கட்டுரை பெரிய இதழில் வரும், துறைத் தலைவர் நாற்காலியும் கிட்டே வரும். எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்று கணினி குலுக்கிப் போட்டதில், அவருடைய மகளின் பள்ளி ஒப்பீட்டுப் பக்கம் விழுந்தது. பேராசிரியர் அசரவில்லை. சொந்தப் பிள்ளைக்கும் சலுகை காட்டாத தம் நேர்மையைப் பற்றிக் கருத்தரங்கில் உருகிப் பேசினார்.

மகளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பே அவளைப்போலத் திக்கிப் பேசிச் சிரித்தது. காலையானால் வயிற்றுவலி என்றாள். அவளைத் தட்டிக்கொடுத்து விஷயத்தைக் கறந்தவள் பல் மருத்துவரான அம்மாதான்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்க. வீட்ல ஒருத்தி பேசறதையே விட்டுட்டா, தெரியுமா உங்களுக்கு?"

பேராசிரியர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். நேரே பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை எழுந்து நின்று வரவேற்றார். ஆலோசகர் வைக்க நிர்வாகம் தயாராக இருந்ததாம். ஆய்வு கெட்டுவிடுமே என்று தலைமையாசிரியைதான் தடுத்துவிட்டாராம். கேலி நடக்கிற இடத்தில் இப்போது எந்த ஆசிரியரும் குறுக்கே போவதில்லையாம்.

"நீங்க சொன்னபடியே சார். நாங்க ஒண்ணுமே செய்யல."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவர் யாரைத் திட்டுவது? நாளைக்கே ஆலோசகரை அனுப்புகிறேன் என்று சொல்ல வாய் திறந்தார். அனுப்பினால் இந்தப் பள்ளி ஆய்வை விட்டு விலகும். ஒன்று விலகினால் மொத்தமும் ஆட்டம் காணும். யோசித்துச் சொல்வதாக மென்று விழுங்கிவிட்டு வந்தார்.

வேறு பள்ளியில் சேர்ப்போம் என்றாள் மனைவி. நடுவில் ஒரு பிள்ளையை எடுத்தாலும் தரவு கெடும் என்றார். மனைவி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, சீருடையில் நின்ற மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். அவள் பள்ளியில் ஆண்டு முடியும்வரை யாரும் ஏன் ஒன்றும் செய்யக் கூடாது, அதனால் பின்னால் எத்தனை பிள்ளைகளுக்கு நன்மை என்றெல்லாம் அழகாக, பொறுமையாகச் சொன்னார். விளக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மகள் முழுவதும் கேட்டாள்.

"அப்ப நான்... நான் அழுதா, அது மத்த ஸ்கூல் பசங்களுக்கு உ... உதவுமாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த அப்பனும் யோசிக்காமல் சொல்லியிருப்பான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல கேள்வி" என்றார்.

மகள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.