சத்தம் போடாத டப்பா

"பையில என்னடி கலகலங்குது?" என்று கணவன் மோலேஃபி ஒருமுறை கேட்டான். பொத்தான் என்று சொல்லித் தப்பித்தாள் லினேயோ. மறுநாளே ஆலையில் தன் தையல் இயந்திரத்தடியில் குப்பையாய்க் கிடந்த நீல ஜீன்ஸ் துண்டை மாத்திரை டப்பாவுக்குள் அடைத்தாள். அதன்பிறகு டப்பா வாயைத் திறக்கவில்லை. இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து இயந்திரத்துப் புலேங். அதே மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் இருவரும் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள்.

லினேயோவுக்கு இது ஐந்தாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காக இரத்தம் எடுத்தபோதுதான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அதற்குத் தரும் மாத்திரையால் பிள்ளை ஊனமாகுமென்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. கேட்டதற்கு, ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்துவிட்டார்கள், அந்தப் பயம் இனி வேண்டாம் என்றாள் நர்ஸ்.

"நீ நிறுத்தினாத்தான் நோய் புள்ளைகிட்டப் போகும். ஒரு நாள்கூட விடாத."

அன்று மாலை ஆலை வாசலில் சோதனை கடுமையாக இருந்தது. நூல் சுற்றும் இரும்புப் பாபின்கள் காணாமல் போயிருந்தன. காவல்காரி ஒவ்வொரு பையையும் காதருகே வைத்துக் குலுக்கினாள். லினேயோ நீட்டும்போது பை கைநழுவி, டப்பா உருண்டது. காவல்காரி திறந்து நீலத் துணியை உருவினாள்.

"கம்பெனித் துணி. எத்தன நாளா இந்தத் திருட்டு?"

"குப்பையில கிடந்ததும்மா. புலேங் அக்கா, நீயாவது சொல்லு."

காவல்காரியின் அறை கன்னத்தில் விழுந்தது. மாத்திரைகள் சேற்றில் சிதறின. மருந்துக்கடையே வைத்திருக்கிறாள் என்று வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

அழைத்துப்போக வந்திருந்த மோலேஃபி வேலியருகே நின்றான். எச்.ஐ.வி. மருந்துக்கான அந்த வெள்ளை டப்பாவைத் தெரியாதவர் மசேரு நகரில் இல்லை. கைத்தடியோடு பாய்ந்தான்.

"என் புள்ளைக்கு விஷம் ஊட்டுறியா?"

முதல் அடி தோளில். அடுத்தது காதின்மேல். வயிற்றைச் சுற்றிச் சுருண்டவளின் மணிக்கட்டில் மூன்றாவது இறங்கி எலும்பு முறிந்தது. பிறகு மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் பூட்ஸால் அரைத்தான்.

அவன் கால்படாத ஒன்று அவள் முழங்காலடியில் கிடந்தது. இடதுகையால் எடுத்து, சேற்றோடு விழுங்கினாள்.

காவல்காரி நீலத் துணியை நேர்த்தியாக மடித்து உறையிலிட்டாள். லினேயோவின் கழுத்தில் தொங்கிய ஆலை அடையாள அட்டையை அறுத்து அதனுடன் சேர்த்தாள்.

அடுத்து புலேங். அவள் பையைக் காதருகே வைத்து இருமுறை குலுக்கினாள் காவல்காரி. ஒரு சத்தமுமில்லை. பையை வாங்கிய புலேங், தரையில் கிடந்தவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.