மணப்பெண் கன்னத்தில் ஒரு புள்ளி

மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அழித்தேன், போகவில்லை. மறுபடி அழித்தேன், நகர்ந்து மூக்குக்குப் போய்விட்டது.

ஸ்டூடியோவில் எடுக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவது என் வேலை. பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் என் கை பட்டால் காணாமல் போகும். மாமியார்களின் கடுகடுப்பைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட எனக்கே ஒரு புள்ளி தண்ணி காட்டியது. மானிட்டரில் தூசு என்று துடைத்தேன். நாள் முழுக்கத் துடைத்தேன். மறுநாள் திரையின் அடியில் கறுப்பாக ஒரு நிழலும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த நாள் நிழல் இன்னும் பெரிதாகி, எரிச்சல் தலைக்கேறி, மானிட்டர் போய்விட்டது என்று முதலாளியிடம் சண்டைக்குப் போனேன்.

"நல்லாத்தானே இருக்கு. உனக்கு எதைக் குடுத்தாலும் ஒரு குறை" என்று முனகிக்கொண்டே, முன்னறையில் இருந்த தன் மானிட்டரைக் கழற்றி எடுத்து வந்தார்.

அவர் மேசைக்கடியில் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தினமும் மத்தியானம் இந்தத் தொல்லை உண்டு.

"சோடாபுட்டி, சீட்டை விட்டு எந்திரிச்சியா? ஜன்னல்கிட்ட போய்க் கொஞ்ச நேரம் தூரமா பாரு. கண்ணைச் சிமிட்டு."

வழக்கமாகத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே, "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்று ஒப்பேற்றிவிடுவேன். அன்று பார்ப்பதற்குத் திரை இல்லை. அதனால்தான் போனேன்.

எதிர்க் கட்டடத்துக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அந்தச் சுவரில் என் புள்ளி மிதந்துகொண்டிருந்தது.

இடது கண்ணைக் கையால் பொத்தினேன். தெருவில் ஒரு பஸ் நின்றது. கூரை இருந்தது, ஜன்னல்கள் இருந்தன, சக்கரங்களைக் காணவில்லை.

அப்பாவும் இப்படித்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சட்டை நுனியால் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஒரு கண்ணுக்கு வெளிச்சமே தெரியவில்லை. அவருடைய தடித்த கண்ணாடிதான் எனக்கும் வாய்த்தது.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

"அக்கா, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நினைக்கிறேன்."

வாய் ஓயாத அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"எப்போலேர்ந்து?"

"இன்னைக்குத்தான்."

கண் போகிற நேரத்திலும் இவள் திட்டுவாளே என்று பயந்திருக்கிறேன், பாருங்கள்.

அவளே வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் இடது கண்ணைப் பொத்திப் பொத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். தாடை இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. நிழல் ஏறுகிறதா, ஆட்டோதான் குலுங்குகிறதா, சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நிழல் எப்போலேர்ந்து தெரியுது?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நேத்துலேர்ந்து. புள்ளி அதுக்கு முந்தின நாளே வந்துடுச்சு" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கம்ப்யூட்டராலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உங்க பவருக்கும், அப்பாவுக்கு இருந்ததுக்கும், இது வரக்கூடியதுதான். ஆனா கம்ப்யூட்டரை விட்டு நீங்க தலையைத் தூக்கிப் பார்த்திருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க. கண்ணுக்குள்ள விழித்திரையில வெறும் கிழிசலா இருந்தப்பவே வந்திருந்தா லேசரோட முடிஞ்சிருக்கும். இப்ப அந்தத் திரையே உரிஞ்சு வர ஆரம்பிச்சிடுச்சு. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுவும் விட்டுடுச்சுன்னா பார்வை முழுசா திரும்பாது, அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்."

ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே தயார் செய்துகொண்டிருக்கிறார்களாம். அக்கா எனக்கு எதிரே நின்றாள். என் கை தானாக இடது கண்ணுக்குப் போனது. வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு பொத்தினேன்.

மங்கலாக நெற்றி தெரிந்தது. கண்கள் தெரிந்தன. மூக்குக்குக் கீழே ஒரே கறுப்பு. அதற்குள்ளிருந்து, "பயப்படாதடி, ஒண்ணும் ஆகாது" என்று குரல் மட்டும் வந்தது.

"அக்கா, உன் வாய் தெரியல" என்றேன்.

அவள் திரும்பி, மூடியிருந்த கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.