காலி மனையும் இரண்டு எருமைகளும்

என் வீட்டுக்காரர் நிர்மல் வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனி ஊழியர். சனி, ஞாயிறுகளில் அமெரிக்காவில் இரோக்வாய் மக்களின் தலைவர். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். திரையில் பழைய கால உலகப் படம் விரியும். எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் ஆளலாம். மற்றவர்களெல்லாம் இங்கிலாந்தையோ ஸ்பெயினையோ எடுத்து ஊரை அடித்து உலையில் போடுவார்களாம். இவர் மட்டும் கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரனிடம் நிலத்தைப் பறிகொடுக்கும் பழங்குடிகளையே எடுப்பார். இதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இரோக்வாய்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு நீண்ட வீட்டில் வாழ்பவர்கள் என்று பொருளாம். அவர்களுடைய தலைவர் வாழ்வது முகப்பேரில், சம்பந்தம் சாருடைய ஃபிளாட்டில், வாடகைக்கு. ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளுக்குக் கட்டில்தான்.

அந்த விளையாட்டில் அவருக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஜனங்கள் வாழும் இடத்தையெல்லாம் சாம்பல் நிறத்தில் காலி நிலம் என்று காட்டும். "ஆள் இருக்காங்கடா. ஆள் இருக்கும்போது எப்படிடா காலி?" என்று திரையைத் திட்டுவார். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டிருப்பேன். ஆபீசில் லீவு கேட்கக் குரல் எழும்பாத மனுஷன்.

தை பிறந்ததும் சம்பந்தம் சார் வந்தார். ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்லவர், அதனாலேயே அவரோடு சண்டை போட முடியாது. காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார். "பையனுக்கு அடுத்த தையில கல்யாணம் தம்பி. அதுக்குள்ள ஊட்ட காலி பண்ணிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் வெள்ளானூர்ல மனை கீதே, கட்டிக்கினு போயிடலாம்."

"சரிங்க சார்" என்றார் நீண்ட வீட்டுத் தலைவர்.

மனை இருப்பது உண்மை. அந்த லேஅவுட்டைக் காட்டியதே சம்பந்தம் சார்தான். எங்கள் மனையை ஒட்டிய கிழக்கு மூலை மனையை அவரும் மகனுக்காக வாங்கிப் போட்டிருந்தார். பத்திரம் பதிந்ததோடு சரி, அந்தப் பக்கம் அவரும் தலை வைத்துப் படுக்கவில்லை, நாங்களும்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூட்டை கட்டி மூட்டை கட்டி எனக்குச் சலித்துப்போயிருந்தது. அடுத்த தடவை கட்டுகிற மூட்டை என் சொந்த வீட்டில்தான் அவிழ வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வெள்ளானூர் போனோம். எங்கள் மனையில் இரண்டு எருமைகள், ஒரு வைக்கோல் போர், ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் பால் வியாபாரம் செய்யும் வேம்புலியம்மாள்.

"அம்மா, இது எங்க மனைங்க" என்றார் நிர்மல். "காலி மனைன்னு சொல்லித்தான் வாங்கினோம்."

"காலியா?" வேம்புலியம்மாள் சாணிக் கையோடு எழுந்து வந்தாள். "நான் கீறேன். மாடு கீது. அப்பால எப்டி நைனா காலி?"

என் வீட்டுக்காரருடைய வசனம் அவருக்கே திரும்பி வந்திருந்தது. "கொஞ்சம் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார். அச்சு அசல் சம்பந்தம் சாரின் குரல்.

"எரும சினையா கீது. கன்னு போடட்டும், பாப்போம்."

"எப்பங்க போடும்?"

"அது இஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க விளையாட்டுல வெள்ளைக்காரன் எப்படிங்க நிலத்தை வாங்குவான்? அதையாவது பண்ணித் தொலைங்க" என்றேன்.

"முதல்ல பரிசு குடுப்பான்" என்றார் வேண்டாவெறுப்பாக.

அடுத்த வாரம் ஒரு புடவையும் ஸ்வீட் பாக்ஸும் கொண்டுபோய்க் கொடுத்தோம். வேம்புலியம்மாள் மனம் நிறைந்து வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் போனால் மூன்றாவதாக ஓர் எருமை நின்றது.

"என் தங்கச்சிது. நீங்க நம்ம ஜனமா ஆயிட்டீங்க, அதான் உரிமையா கட்டிக்கினேன்" என்றாள்.

மாசியில் சம்பந்தம் சார் மறுபடி காபி குடிக்க வந்தார். அன்றுதான் நிர்மல் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அந்தம்மா காலி பண்ணாத்தான் சார் நாங்க காலி பண்ண முடியும்."

"ஒரு பொம்பளைகிட்ட பேசத் தெரியாதா தம்பி? எரும கட்டிக்க ஒரு எடம்தானே வேணும்? நான் பாத்துக்கறேன்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். சாயங்காலமே மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஒரே பேச்சுல முடிச்சிட்டேன். பக்கத்துலயே ஒரு மனை காலியா கெடக்குது. முள்ளு மண்டிப் போயி, கேக்க நாதியில்ல. அங்க கட்டிக்கம்மா, எவனாவது கேட்டா என் பேர சொல்லுன்னேன். கொட்டாய தூக்கி வெக்க ஆளுகூட நானே புடிச்சி உட்டேன்."

"எந்தப் பக்கம் சார்?" நிர்மலின் குரல் இறங்கியிருந்தது.

"கெழக்கால. மூலை மனை."

நானும் நிர்மலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சம்பந்தம் சார் அந்தம்மாவைக் குடியேற்றிவிட்டு வந்திருப்பது அவருடைய சொந்த மனையில்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லலையா சார்?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்லும்? சிரிச்சிது. நீ சொன்னா சரி நைனான்னு கும்புட்டுச்சி."

சொல்லியிருக்கலாம். சொன்னால் எருமைகள் எங்கள் மனைக்கே திரும்பும். நான் அடுக்களைக்குப் போய் அவருக்கு இன்னொரு காபி கலந்தேன், சர்க்கரை தாராளமாகப் போட்டு. ஆள் இருக்கும்போது எப்படிக் காலி என்று வருஷக்கணக்கில் கத்தியவர், "ரொம்ப நன்றி சார்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சித்திரையில் பூமி பூஜை. முதல் செங்கல்லை எடுத்துக் கொடுக்க சம்பந்தம் சாரையே கூப்பிட்டார் நிர்மல். கூப்பிடாமல் இருக்கச் சொல்லி நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வேம்புலியம்மாள் நாங்கள் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு பூஜைக்குப் பால் கொண்டுவந்தாள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தம் சார் மேஸ்திரியைக் கேட்டார், "இங்கதான் எங்கியோ நம்ம மனையும் கீது. பத்திரத்துல நம்பர் பன்னண்டுன்னு போட்டுக்கீது, அது எதுப்பா?"

மேஸ்திரி கையைக் காட்டினார். அங்கே புதிதாக வேய்ந்த கொட்டகை, வைக்கோல் போர், மூன்று எருமைகள், பிறந்து சில நாளே ஆன ஒரு கன்றுக்குட்டி.

சம்பந்தம் சார் வேம்புலியம்மாள் பக்கம் திரும்பி, "எம்மா, இது என் மனைன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாம இன்னா நைனா. இந்த எல்லைக் கல்லெல்லாம் நட்டது எம் புருசன்தானே. ஒவ்வொரு மனையும் யார்துன்னு எனுக்குத் தெரியும். ஓனரே வந்து கட்டிக்கோன்னு சொல்றாரேன்னு சந்தோசமா பூட்டேன்."

"காலியா கெடக்குதேன்னு சொன்னேன்மா."

"அப்ப காலியா கெடந்துது. இப்ப நான் கீறேன்ல?"

சம்பந்தம் சார் மெதுவாக எங்களைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவர் கையிலிருந்த செங்கல்லை வாங்கி, அவசர அவசரமாகக் குழிக்குள் வைத்தார்.