மங்கலாகத் தெரிந்த கார்த்திகை

பசிலியாவுக்குக் கண் கெட்டுவிட்டது என்று ஊரே பேசியது. பேசாமல் என்ன செய்யும்? ஜூன் மாதம் சான் யுவான் திருநாளன்று, விடியுமுன் மலையேறிக் கார்த்திகை மீன்களைப் பார்த்துவிட்டு, "மங்கலா இருக்கு. மழை தாமதமாத்தான் வரும், விதைப்பைத் தள்ளிப் போடுங்க" என்று சொன்னவள் அவள்தானே. பளிச்சென்று தெரிந்தால் காலத்தோடு விதைப்பு, மங்கினால் ஒரு மாதம் தள்ளி. அந்த மலைக்காரர்களுக்கு அதுதான் பஞ்சாங்கம். அவள் கண்ணை நம்பி உருளைக்கிழங்கு போட்டவர் யாரும் அதுவரை மோசம் போனதில்லை.

இந்த வருடம் மழை காலத்தோடு வந்து, விதைக்காத நிலத்தில் பெய்துவிட்டுப் போனது. பிந்தி முளைத்த செடிகளை உறைபனி கருக்கிவிட்டது.

"வயசாகுதுல்லக்கா, புரை விழுந்திருக்கும். டவுன்ல காட்டு" என்று ஆறுதல் சொன்னவன் தம்பி நெமேசியோ. மலைக்கு அந்தப் பக்கத்துச் சுரங்கத்தில் காவல்காரன். அன்று உச்சியில் அவள் பக்கத்திலேயே நின்று, "ஆமாக்கா, மங்கல்தான்" என்று முதலில் ஆமோதித்தவனும் அவன்தான்.

புதுக்கிழங்கு காலத்து ஆட்டபாட்டத் திருவிழாவான கார்னிவலுக்கு அவன் மாமியார் ஊருக்குப் போனாள் பசிலியா. முற்றத்தில் புதுக்கிழங்கு குவிந்து கிடந்தது. மாமியார்க்காரி வெகுளி.

"எல்லாம் உங்க தம்பி புண்ணியம்! சுரங்கத்துல புதுசா பெரிய பெரிய லைட்டு போட்டிருக்காங்களாம். அந்த வெளிச்சத்துல நட்சத்திரம் மங்கலாத்தான் தெரியுமாம். அதை நம்பாம காலத்தோட விதைங்கன்னாரு. தங்கமான மாப்பிள்ளை!"

அடிவானத்தில் அன்று கண்ட வெளுப்பை மேகம் என்றல்லவா நினைத்தாள் பசிலியா! திருவிழாக் கும்பலில் ஆடிக்கொண்டிருந்த நெமேசியோவைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரிஞ்சுமாடா ஆமாம் போட்ட?"

"மெதுவாக்கா. அந்த லைட்டு வெளிச்சத்துல ராத்திரி புதுக் குழி தோண்டுறது தெரிஞ்சா நம்ம ஆளுங்க ரோட்டை மறிப்பாங்க. வாயைத் திறந்தா என் வேலை போயிரும்."

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

"நீ ஊருக்கே சொல்லியிருப்ப."

"சொல்லத்தான் செஞ்சிருப்பேன். கண்ணு போச்சுன்னியே, அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன்டா. வயசானா கண்ணு போகும். தம்பியுமா போவான்?"

கூடவே நின்று குழி பறித்தவன் தலையைச் சொறிந்தான். "ஒரு மூட்டை கிழங்கு தர்றேன், கொண்டு போ. யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவள் வாங்கிக்கொண்டாள். மூட்டையை அவனையே லாரியில் ஏற்றிவிடவும் சொன்னாள்.

நெமேசியோவும் வந்திருந்த அடுத்த ஊர்க்கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். "என் தம்பி மாமியார் வீட்டுக் கிழங்கு. காலத்தோட விதைச்சது. எப்படித் தெரிஞ்சுதுன்னு அவனையே கேளுங்க."

கேட்டார்கள். கேட்ட கேள்வியில் நெமேசியோ எல்லாவற்றையும் கக்கினான். சத்தம் அடங்கியதும் ஒரு கிழவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அப்போ உன் கண்ணு நல்லாத்தான் இருக்கா, பசிலியா? தப்பாப் பேசிட்டோமே."

"தப்பில்ல பெரியவரே" என்றாள். "வானத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். பக்கத்துல நின்னவன் மூஞ்சியைப் பாக்கலையே."