நான்காவது மாடிக்குக் கொஞ்சம் கீழே

அப்பாவின் முக்கோணச் சாவியை லிஃப்ட்டின் வெளிக்கதவில் செருகிக்கொண்டு, மூத்தவள் வலைக்குப் பின்னால் ஓடும் கம்பிகளையே பார்த்தாள். எண்ணெய் பூசிய கம்பிகள் சரசரவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தன. இரண்டாம் மாடி தாண்டியாயிற்று. மூன்று.

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

தொப்பி தெரிந்தது. சாவியைத் திருகினாள்.

வெளிக்கதவு அரை அங்குலம் திறந்தால் போதும், லிஃப்ட் அதே இடத்தில் நின்றுவிடும். நின்றது. தூக்கிவாரிப்போட்ட மாதிரி ஒரு குலுக்கல். உள்ளே யாரோ யார் காலையோ மிதித்தார்கள்.

"ஏய்! எவன்டா அது?" மாமாவின் குரல்.

"எவன் இல்ல மாமா, எவ. உள்ள தள்ளி நில்லுங்க. கம்பியைப் பிடிச்சுக்கோங்க."

பத்து வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவசரத்தில் வாய்க்கு அதுதான் வந்தது.

கதவை முழுக்கத் தள்ளிவிட்டு வராந்தாத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். லிஃப்ட் நான்காவது மாடியைத் தொடாமல் பாதியில் தொங்கியது. உள்ளே இருந்தவர்களின் தலைகள் அவள் முழங்கால் உயரத்தில் இருந்தன. அம்மாவின் தம்பியான மாமா. இரண்டு கைகளிலும் மடித்த கொடியை ஏந்தியபடி படை அலுவலக அதிகாரி. அவர்கள் முதுகுக்குப் பின்னால் நசுங்கிப்போய் ஒரு புகைப்படக்காரர்.

"பாப்பா, விளையாடற நேரமா இது?" மாமா லிஃப்ட்டின் வலைக் கதவை உலுக்கினார். "வீட்டுக்குள்ள பொணம் கெடக்கு!"

"அப்பா கெடக்கார்னு சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. கூடத்தின் நடுவில், இரண்டு பெஞ்சுகளின் மேல் பெட்டி. ஊர் லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்து, முந்தாநாள் வரை இதே லிஃப்ட்டுக்கு எண்ணெய் விட்ட மனிதர் அதற்குள் படுத்திருந்தார். நேற்று மத்தியானம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாவது பொத்தானோடு நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர்களை ஏற்றி இறக்கியவருக்குப் பதினோரு மணிக்குக் கீழே வண்டி வரும். இப்போது பத்து இருபது.

அதற்குள் கொடி போர்த்தி, புகழுரை வாசித்து, படம் எடுத்துவிட வேண்டும் என்பது அதிகாரியின் கணக்கு. அது நடக்கவே கூடாது என்பது அவளுடையது.

காரணம் கொடி இல்லை. படம்.

பதினைந்து வருஷமாக நடக்கிற யுத்தம். பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராத ஏதோ ஒரு நாட்டில். மூன்று அரசாங்கங்கள் மாறின, யுத்தம் மாறவில்லை. ஆரம்பத்தில் ஊரே கைதட்டியது. அப்புறம் பெட்டிகள் வர ஆரம்பித்தன. ஊர் இரண்டாகப் பிளந்தது, தெரு பிளந்தது, இந்தக் கட்டடமும் பிளந்தது. இன்றைக்குக்கூட மூன்றாம் மாடியும் ஐந்தாம் மாடியும் காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன. இரண்டாம் மாடி கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டது.

தம்பி பதினெட்டு வயதில் பெட்டியாக வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து வாராவாரம் அப்பா ஆள்சேர்ப்பு அலுவலக வாசலில் போய் நின்றார். கழுத்தில் ஒரு அட்டை. 'மிச்சப் பேரையாவது திருப்பிக் கூட்டிட்டு வாங்க.' கோஷம் கிடையாது, கூட்டம் கிடையாது. பதினாலு வருஷம், மழைக்கும் குடை பிடிக்காமல். முட்டை அடித்தார்கள். காறித் துப்பினார்கள். அதையெல்லாம் துடைத்துக்கொண்டு நின்றவரிடம் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருந்ததில்லை.

'நீயேதானய்யா கையெழுத்துப் போட்டு அனுப்பின? இப்ப எதுக்கு இங்க வந்து நிக்கற?'

தம்பி சேர்ந்தபோது அவனுக்குப் பதினேழு. அப்பாவின் ஒப்புதல் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை, அவன் செத்த பிறகு, அதிகாரிகள் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். அப்பா தாளை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா. என்னுதுதான்" என்றார்.

அன்று ராத்திரி அம்மா தன் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனவள்தான். சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும், "கேஸ் தீர்ந்துடுச்சு", "சாவி மாட்டியிருக்கு" என்ற அளவோடு சரி. பதினாலு வருஷம்.

அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. இன்னும் பத்தாயிரம் பேரை அனுப்பலாமா வேண்டாமா என்று. அட்டைக்காரர் கடைசியில் கொடிக்குக் கீழே படுத்திருக்கிற படம் நாளைக் காலைப் பத்திரிகையில் வந்தால், அதற்கு மேல் யாரும் பிரசாரமே செய்ய வேண்டாம்.

"அம்மா, நீங்க கோவத்துல இருக்கீங்க, புரியுது." அதிகாரி அவளை அண்ணாந்து பார்த்துப் பேசினார். தொப்பி பின்னால் சரிந்தது. கொடி கையில் இருந்ததால் அதைப் பிடிக்க முடியவில்லை. "ஆனா இது மரியாதை. ஒப்புதல் குடுத்த பெத்தவங்களுக்கு மட்டும்தான் குடுக்கறது. எல்லாருக்கும் கெடைக்காது."

"எங்களுக்கும் வேண்டாம். இறங்கிப் போங்க."

"அதை நீங்க சொல்ல முடியாதுங்க. உங்கம்மா சம்மதிச்சாச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கூடத்து நாற்காலியில், பெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல், சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நீ சரின்னியா?"

"கையெழுத்துப் போட்டவருக்குக் கொடி போடறாங்க." அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "போட்டுக்கட்டும். எதுக்குப் போட்டாரோ, அதையே போர்த்திக்கிட்டுப் போகட்டும்."

மூன்றாம் மாடிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கேட்டியா?" மாமாவின் குரல் ஓங்கியது. அப்புறம் அதுவே உடைந்தது. "இத பாரு பாப்பா. எம் பையன் இப்ப அங்கதான் இருக்கான். நாலு வாரமா போன் இல்ல. மச்சான் நின்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அவரே கொடி வேண்டாம்னு போய்ட்டார்னா, எம் பையன் எதுக்குடா அங்க உக்காந்திருக்கான்? நான் என்னன்னு சொல்லித் தூங்கறது?"

 மாமாவின் வழுக்கையில் வியர்வை மினுங்கியது. சின்ன வயதில் தன்னையும் தம்பியையும் இரண்டு தோளிலும் ஏற்றிக்கொண்டு இதே படிகளில் ஓடியவர்.

"அவன் திரும்பி வரட்டும் மாமா. அதுக்குத்தானே அப்பா நின்னார். உங்க பையனுக்கும் சேர்த்துத்தான்."

"சார், காத்து வரல," புகைப்படக்காரர் பின்னாலிருந்து முனகினார்.

"வேணும்னா அவர் கக்கத்துல இருக்கற ஃபைலால விசிறிக்கோங்க," என்றாள் அவள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ரொம்ப நீட்ட வேண்டாம். புகழுரையில என்ன இருக்குன்னு கேளுங்க, நீங்களே சந்தோஷப்படுவீங்க." கொடியை மாமாவின் கையில் கொடுத்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். "'தன் ஒரே மகனைத் தன் கையாலேயே ஒப்புதல் எழுதி நாட்டுக்கு அளித்த தந்தை...'"

"நிறுத்துங்க."

"இதுல என்ன தப்பு? நாங்க சும்மா எழுதல. ஆதாரம் இருக்கு." வலைக் கதவின் இடைவெளி வழியாக ஒரு தாளை மேலே நீட்டினார். பழைய படிவத்தின் நகல்.

அவள் வாங்கிக்கொண்டாள். 

தம்பியின் சரிந்த எழுத்தில் பெயர், பிறந்த தேதி, உயரம். கீழே, அழுத்தமாக, ஒரே இழுப்பில், அப்பாவின் கையெழுத்து.

இன்றைக்குப் பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கொடி விழும். படம் வரும். அம்மா சுவரைப் பார்த்தபடியே மிச்சக் காலத்தையும் கழித்துவிடுவாள். அப்பாவுக்கு என்ன, அவர் பழகிய மனிதர், இதையும் துடைத்துக்கொள்வார்.

"பேனா குடுங்க," என்றாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இது! வாங்கிக்கிட்டதா எழுதி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." பேனா மேலே வந்தது.

நகலைத் திருப்பித் தரையில் வைத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுதினாள். ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. மூன்றாவது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. தாளை மடிக்காமல் வலை வழியாகக் கீழே கொடுத்தாள்.

அதிகாரி பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கத்தில் இருந்த அதே கையெழுத்து, மூன்று தடவை.

"என்ன சார்?" மாமா எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பாப்பா..."

"ஒவ்வொரு லிஃப்ட்டுலயும் வாரா வாரம் சோதனை அட்டையில கையெழுத்துப் போடணும் மாமா. அப்பா கை பூரா கிரீஸா இருக்கும். 'நீயே போட்ரும்மா'ம்பார். பன்னெண்டு வயசுலேர்ந்து போடறேன். இந்த ஊர்ல பாதி லிஃப்ட்டுல இருக்கறது எங்கப்பா கையெழுத்து இல்ல. என்னுது."

பின்னால் கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சென்றது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் சொல்ல முடியாது.

"தம்பி வந்து கெஞ்சினான். 'அப்பா ஒத்துக்க மாட்டார், நீ போட்டுக் குடுக்கா'ன்னான். எனக்கு அப்ப பத்தொம்பது. நானும் தெருவுல நின்னு கைதட்டினவதான். ஆறே மாசத்துல ஜெயிச்சுட்டு வந்துடுவாங்கன்னாங்க. போட்டேன்."

அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது போலிக் கையெழுத்துங்க. உங்க மேல கேஸ் வரும், தெரியுமா?"

"போடுங்க. தாராளமாப் போடுங்க. பதினேழு வயசுப் பையனை, அப்பனை நேர்ல கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்காம எப்படி எடுத்தீங்கன்னு கோர்ட்டுல வச்சே பேசலாம். இவரையும் கூட்டிட்டு வாங்க, படம் எடுக்கட்டும்."

புகைப்படக்காரர் காமிராவின் மூடியைப் போட்டார்.

"ஒப்புதல் குடுத்த பெத்தவங்களுக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கப்பா குடுக்கல. கதவைச் சாத்தறேன். கீழ போற பட்டனை அமுக்குங்க."

வெளிக்கதவை இழுத்துச் சாத்தினாள்.  அப்புறம் பட்டனை நோக்கிப் போனது மாமாவின் கைதான். தொப்பி, வழுக்கை, கொடி, எல்லாம் மெல்ல இறங்கித் தரைக்குக் கீழே மறைந்தன.

எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. கூடத்தில் சுவரோர நாற்காலி காலியாக இருந்தது. அம்மா பெட்டியின் தலைமாட்டில் நின்று, அதன் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். மூன்றாம் மாடிக்காரரும் ஐந்தாம் மாடிக்காரர்களும் வந்து மற்றக் கைப்பிடிகளைப் பிடித்தார்கள்.

"படியிலயே போகலாம்," என்றாள் அம்மா. "பாத்து. திருப்பத்துல இடிக்கும்."

மூத்தவள் எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தாள். இருவருக்கும் நடுவில் பெட்டி.

"அவருக்குத் தெரியுமா?" அம்மா நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்குத் தாளைக் கையில வாங்கினாரே, அப்பவே தெரிஞ்சுடுச்சும்மா. உனக்குப் பின்னால நின்ன என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம்தான் என்னுதுன்னு சொன்னார்."

அம்மா கைப்பிடியை விடவில்லை.